ஆடிக்கூழும் அதற்கு முந்திய அடுப்பும்

ஆடி மாதம் அண்மித்ததும் நமது பாடசாலைகளில் ஒரு பாட்டு ஒலிக்கத் தொடங்கும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'ஆடிப்பிறப்பு' அது. அதனை மனனஞ் செய்யாது ஆரம்ப வகுப்புகளைக் கடந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளையைக் காண்பது அரிது. அதனை விமர்சன நோக்கிற் படித்த ஆசிரியரைக் காண்பதும் அதேயளவு அரிது. மனனமாகிவிட்ட பாட்டு ஆராய்ச்சிக்கு அப்பாற் சென்றுவிடுகிறது. நாக்கு அதை அறியும், மூளை அதைக் கேட்பதில்லை.

யானும் அத்தகைய ஆசிரியர்களுள் ஒருவனாகவே இருந்தேன். 1970களின் தொடக்கத்தில் வலிகாமத்துக் கிராமப் பாடசாலையொன்றில் நாலாம் வகுப்புக்கு இப்பாட்டைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, கடைசி வாங்கிலிருந்த சிறுவனொருவன் எழுந்து, "சேர், உந்தப் பனங்கட்டியை ஆர் காய்ச்சினது? பாட்டிலை அதைச் சொல்லேல்லையே" என்று கேட்டான். வகுப்பிற் சிலர் சிரித்தனர். ஏன் சிரித்தனர் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவனுடைய தகப்பன் பனையேறிப் பாளை சீவும் தொழிலாளி. "பாட்டு கூழைப் பற்றியது, பனங்கட்டியைப் பற்றியதன்று" என்று ஏதோ சொல்லி அவனை இருத்திவிட்டேன். பொருத்தமற்ற விடை அது. பொருத்தமான விடையைத் தேடப் பல ஆண்டுகள் சென்றன. அத்தேடலின் பயனே இக்கட்டுரை.

இப்பாட்டைப் பற்றி இருவகையான பேச்சுக்கள் நம்மிடையே வழங்குகின்றன. தமிழர் பண்பாட்டின் களஞ்சியம், கிராமிய வாழ்வின் கண்ணாடி, மழலைத் தமிழின் மகுடம் என்றவாறு விழா மேடைகளில் அடுக்குவார் ஒருசாரார். பாராட்டு மிகுந்து பாட்டு மறைந்துபோகும். மறுசாரார் நமது நண்பர்கள். 'நிலவுடைமை வீட்டுக் குசினியின் பாட்டு' என்று ஒரே தொடரில் அதனைத் தள்ளிவிட்டு வேறு அலுவல் பார்க்கப் போய்விடுவர். இரண்டாவது பேச்சில் உண்மையின் ஒரு கூறு உண்டு. ஆயினும் பாட்டைப் படிக்காமலே சொல்லத்தக்க உண்மை அது. இலக்கிய விமர்சனம் என்பது படித்த பின்னர் தொடங்க வேண்டிய ஒன்று.

புலவர் 1878இல் நவாலியிற் பிறந்து 1953இல் மறைந்தவர். வட்டுக்கோட்டையில் நெடுங்காலம் ஆசிரியத் தொழில் புரிந்தவர். 'நாமகள் புகழ்மாலை', 'கதிரைச் சிலேடை வெண்பா' முதலாய பக்திப் பிரபந்தங்களும், 'உயிரிளங்குமரன்' என்னும் நாடகமும், பனையின் பயன்களைப் பாடும் 'தாலவிலாச'மும் அவர் ஆக்கங்கள். சிறுவர்க்கென அவர் பாடியவை 'சிறுவர் செந்தமிழ்' என்ற பெயரில் நூலுருப் பெற்றன. சிலேடையும் அந்தாதியும் வல்ல மரபுக் கவிஞர் ஒருவரை ஈழத்து மக்கள் 'தங்கத் தாத்தா' என்று அழைத்தது அப்பிரபந்தங்களுக்காக அன்று. அவற்றைப் பண்டிதர்கள் படித்தனர். மக்கள் எடுத்துக்கொண்டவை கூழையும் கொழுக்கட்டையையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பற்றிய பாட்டுக்களே. இலக்கியத் தேர்வில் மக்கள் பல சமயங்களிற் பண்டிதரை முந்திவிடுகின்றனர்.

ஒரு சைவ ஆசிரியர் பிள்ளைகளுக்காக எழுதும்போது அக்காலத்தில் அவர்முன் கிடந்த வழி எது? ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் வகுத்த வழியே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நாவலர் எழுதிய அந்நூல்கள் தமிழ் வசனத்துக்குச் செய்த தொண்டை எவரும் மறுக்க முடியாது. ஆயின் அவற்றின் உள்ளே பிள்ளை பேசுவதில்லை. பிள்ளைக்குப் போதிக்கப்படுகிறது. இது செய், அது செய்யற்க என்ற விதிகளுக்கு முன் கைகட்டி நிற்கும் உருவமே அங்குள்ள பிள்ளை. பாரதியின் 'பாப்பாப் பாட்டு' புதிய உலகத்தின் குரல்தான். சாதி இல்லை என்று அது பிள்ளைக்கு வெளிப்படையாகச் சொல்கிறது. ஆயினும் அங்கும் சொல்பவர் பெரியவர், கேட்பது பாப்பா.

புலவரின் பாட்டிற் பேசுவது பிள்ளை. ஆசிரியருமில்லை, தந்தையுமில்லை. நாளைக்கு விடுமுறை என்ற களிப்பிற் பிள்ளையொன்று தன்னையொத்த பிள்ளைகளை நோக்கிப் பாடுகிறது. விளிக்குஞ் சொல்லும் 'தோழர்களே' என்பதுதான். நமது மேடைச் சொல்லை நவாலியூர்ப் புலவர் நமக்கு முன்னரே சிறுவர் வாயில் வைத்துவிட்டார் என்று நண்பரொருவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. அறிவுரை என்று ஒரு வரிதானும் இப்பாட்டிற் கிடையாது. பாடசாலைக்காக எழுதப்பட்ட பாட்டு, பாடசாலை இல்லாத நாளைக் கொண்டாடுகிறது. நெடுங்காலம் வகுப்பறையில் நின்ற ஆசிரியருக்கே பிள்ளை மனத்தின் இந்த இரகசியம் தெரிந்திருக்கும்.

அடுத்து அப்பிள்ளை காண்பதைப் பாருங்கள். பண்டிகை என்றவுடன் புத்தாடையும் விருந்தும் என்று பொதுப்படப் பாடிவிடலாம். அநேகர் அப்படித்தான் பாடினர். இப்பிள்ளையோ வேலையைக் காண்கிறது. பயறு வறுத்துக் குற்றுவது, பச்சையரிசி இடித்துத் தெள்ளுவது, மாவைப் பதமாக வறுப்பது, தேங்காய் துருவுவது, குழைத்துத் திரட்டுவது, கிள்ளித் தட்டி உள்ளீடு வைத்து அவிப்பது, பிழிந்த பாலிற் பனங்கட்டியும் பயறும் இட்டு மாவைக் கரைத்து வார்த்துத் துழாவுவது என்று ஒரு தொழிலின் படிமுறை முழுவதும் வரிசை தவறாது வருகிறது. பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கூழ் காய்ச்சிவிடலாம். பெண்ணின் உழைப்பு பண்டிகையின் பின்னால் ஒளிந்து கிடப்பது. ஆண்கள் எழுதிய பண்டிகைக் கவிதைகளிற் பலகாரம் தட்டிலே தானாக முளைக்கும். இங்கே அம்மாவின் கை ஓய்வதில்லை. அவளே இடிக்கிறாள், அவளே அவிக்கிறாள், அவளே அகப்பையால் அள்ளி வார்க்கிறாள். யதார்த்தவாதம் என்று நாம் வாதிட்ட பண்பு, அப்பெயர் நம்மிடையே வழங்குவதற்கு முன்னரே இப்பாட்டிற் குசினிப் பக்கமாக வந்து நின்றது. 'நிலவுடைமைக் குசினி' என்று தள்ளிவிடும் நண்பர்கள் அந்தக் குசினிக்குள் வேலை செய்தது யார் என்று ஒருகணம் சிந்தித்தல் நன்று.

நம்பிக்கையைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். புலவர் ஆழ்ந்த சைவர். ஆயினும் இப்பாட்டிற் கோயில் இல்லை, குருக்கள் இல்லை, மந்திரம் இல்லை. பூமாலை, குத்துவிளக்கு, இளநீர், பழம், பாக்கு, வெற்றிலை, அவ்வளவே. வீட்டார் தம் கையாற் படைக்கும் ஆடிப்படைப்பு அது. ஞாயிறு தென்றிசை நோக்கித் திரும்பும் தட்சிணாயன காலத்தின் தொடக்கத்தை ஒரு வீடு தன் வழியில் வரவேற்கிறது. இத்தகைய நம்பிக்கைக்கு ஒருவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. எந்தச் சாதியினர் வீட்டிலும் குத்துவிளக்கு எரியும், எவர் வீட்டிலும் கூழ் கொதிக்கும். கோயில்களின் நிலை வேறு. 1956இல் சில பெருங்கோயில்கள் கதவைத் திறந்தன. வேறு சில, 1968இல் மாவிட்டபுரத்திற் கண்டவாறு, மக்கள் வாசலில் வந்து நின்ற பின்னரும் திறக்க மறுத்தன. பக்தி என்றால் அனைத்தும் ஒன்றே என்று எண்ணிப் பகுத்தறிவுப் பிரசங்கம் செய்வோர், வீட்டு விளக்கையும் பூட்டிய கதவையும் வேறுபடுத்திப் பார்க்கப் பழகவேண்டும்.

மொழியிலும் ஒரு செய்தி கிடக்கிறது. கூழ், பனங்கட்டி, பல்லுக் கொழுக்கட்டை, தோண்டி, அகப்பை, வெருளி, உறுமால் ஆகிய சொற்கள் பிரபந்த ஏட்டில் எளிதில் இடம்பெறாதவை. வெண்பாவிற் சிலேடை செய்த அதே கை இச்சொற்களைக் கூசாமல் எடுத்துக் கோத்தது. 1960களின் முற்பகுதியில் ஈழத்தில் மரபு பற்றிய பெரும் விவாதம் எழுந்தபோது, கதைகளிற் பேச்சுவழக்கைக் கையாண்ட எழுத்தாளர்களை நோக்கி 'இழிசனர் வழக்கு' என்ற வசை வீசப்பட்டது. அவ்விவாதத்தில் மரபின் பக்கம் நின்று வாதிட்டவர்களுள் ஒருவர் புலவரின் மைந்தர் பண்டிதர் சோ. இளமுருகனார். அவர் புலமையை யான் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் ஒரே குடும்பத்தில், ஒரு தலைமுறை அடுப்படியிலிருந்து எடுத்துத் தந்த சொல்வளத்தை அடுத்த தலைமுறை வாசலில் நின்று காவல் செய்ய முற்பட்டது ஆராயத்தக்க முரண். கூழும் அகப்பையும் தூய செந்தமிழ்ச் சொற்களே, முற்போக்காளர் எழுதியது வேறு என்று சிலர் விடை கூறுவர். அது சரியே. உயர்ந்தோர் வீட்டுக் குசினியிற் பேசப்பட்டது 'செந்தமிழ்' ஆயிற்று. குடிசையிற் பேசப்பட்டது 'இழிசனர் வழக்கு' ஆயிற்று. சொல்லின் குலம் பேசுபவரின் குலத்தாலே தீர்மானிக்கப்பட்டது.

இனி அச்சிறுவனின் கேள்விக்கு வருவோம்.

கூழுக்கு இனிமை தருவது பனங்கட்டி. கடித்துக்கொண்டு குடிப்பதற்கும் பனங்கட்டி. பாட்டின் இன்பம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. அரிசி மாவாகும் விதம் பாட்டில் உண்டு, பயறு பருப்பாகும் விதம் உண்டு, தேங்காய் பாலாகும் விதம் உண்டு. கொழுக்கட்டையின் உள்ளீட்டுக்குச் சேரும் சர்க்கரைக்கு வேலூர் என்ற ஊரடையாளங்கூட உண்டு. பனங்கட்டி மட்டும் எங்கிருந்தும் வராமல், எவர் கையும் படாமல், ஆயத்தமாக வந்து நிற்கிறது. உழைப்பை இவ்வளவு கூர்மையாகக் கண்ட பிள்ளையின் கண்கள் வேலிவரை மட்டுமே செல்கின்றன. வேலிக்கு அப்பால் உள்ள உழைப்பு பொருளாக மட்டும் உள்ளே வருகிறது, மனிதனாக வருவதில்லை.

அந்த மனிதனின் ஆண்டையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஆடி பிறக்கும் யூலை நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மழை இல்லை. சோளகக் காற்று வறண்டு வேகமாக வீசும். பாளை சீவும் பருவம் ஆண்டின் முதற்பாதியில் தொடங்கி அந்தக் காற்றுக்காலத்தில் முடிவை நெருங்கும். காலையும் மாலையும், மரம் மரமாக, தளைநாரைக் காலிற் கோத்து, பாளைக் கத்தியும் முட்டியும் இடுப்பிற் கட்டி ஏறி இறங்க வேண்டும். காற்றில் ஆடும் மரத்தின் உச்சியிற் பிடி தவறினால் அக்குடும்பத்துக்கு அடுத்த பருவம் இல்லை. கள்ளுக்கன்றிக் கருப்பநீருக்காக இறக்கும்போது முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசுவர், சாறு புளித்துவிடாதிருத்தற்பொருட்டு. இறக்கிய கருப்பநீர் புளிக்குமுன் அடுப்பேறிவிட வேண்டும். தாச்சியில் ஊற்றி, பனஞ்சருகும் மட்டையும் தள்ளி எரித்து, பாகு பதம் வரும்வரை இடைவிடாது துழாவி, ஓலைக் குட்டான்களில் வார்த்து ஆறவிட வேண்டும். இதைச் செய்பவள் அவன் மனைவி. அவள் காலடியிற் பிள்ளைகள்.

ஆகவே பாட்டில் நாம் காணும் அடுப்புக்கு முன்னர் இன்னொரு அடுப்பு எரிந்திருக்கிறது. பாட்டில் நாம் காணும் தாய் கூழைத் துழாவுவதற்கு முன்னர் இன்னொரு தாய் பாகைத் துழாவியிருக்கிறாள். இரண்டு வீட்டுக்கும் இடையில் அரைக்கால் மைல் தூரம் இராது. பனை இவ்விரு வீட்டையும் இணைக்கும் பொருளாதாரம். மரம் ஒருவருடையது, ஏறுபவர் வேறொருவர். மரக்குத்தகை, கடன், குடிமை என்னும் கயிறுகள் தளைநாரிலும் இறுக்கமானவை. அடிமை முறையை ஆங்கில அரசு 1844இல் சட்டத்தால் ஒழித்தது உண்மையே. குடிமை முறையை ஒழிக்க ஒரு நூற்றாண்டு போதவில்லை.

புலவர் வாழ்ந்து படிப்பித்த காலத்திலேயே இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரு வகுப்பறையில் எவ்வாறு அமர்வது என்பது யாழ்ப்பாணத்தின் பெருஞ் சிக்கலாக இருந்தது. அரசின் நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சகல பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் என்ற பணிப்பு 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளிவந்தபோது, அதனை எதிர்த்து மனுக்கள் பறந்தன. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் இளைஞர்கள் சம ஆசனத்தை ஆதரித்து நின்றனர். அவர்களுட் பலர் ஆசிரியர்கள் என்பதை இன்றைய ஆசிரியர் நினைவிற்கொள்ளல் தகும். வாங்கில் இருப்பதற்கு ஒரு பிள்ளைக்குப் போராட்டம் வேண்டியிருந்த நாட்டில், 'தோழர்களே' என்ற விளி எவ்வளவு தூரம் கேட்டிருக்கும்? நிலத்திலும் சாக்கிலும் இருத்தப்பட்ட பிள்ளை அவ்விளிக்குள் அடங்குமா? பாட்டு அப்பிள்ளையை விலக்கவில்லை. அழைக்கவுமில்லை. அது இருப்பதையே பாட்டு அறியவில்லை.

பலாவிலையைப் பாருங்கள். பிள்ளை ஓடிச்சென்று இலை பொறுக்கி மடித்துக் கோலிக்கொண்டு வருகிறது. கிண்ணம் இருக்கும் வீட்டிலே இலையிற் குடிப்பது விளையாட்டு. பாட்டின் அழகான இடங்களுள் இது ஒன்று. சுடச்சுட ஊதிக் குடிக்கும் அந்தச் சிறு உதடுகளை நாம் கண்ணாற் காண்கிறோம். அதே முற்றத்தின் ஓரத்தில் நின்று கூழ் வாங்கும் தொழிலாளிக்கும் இலைதான், அல்லது ஓலையால் மடித்த பிளாதான். அவனுக்கு அது விளையாட்டன்று. வீட்டுப் பாத்திரத்தில் அவன் வாய் படலாகாது என்ற விதி. குடித்தபின் எறிந்துவிடத்தக்க பாத்திரமே அவனுக்கு உரிய பாத்திரம். தேநீர்க் கடைகளிற் போத்தலும் சிரட்டையும் வைத்திருந்தது இதே நியாயத்தினால். 1957இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைப் பிரவேசத்துக்காக மக்கள் வீதியில் இறங்க வேண்டியிருந்தது.

ஆதலால் இப்பாட்டைத் தனியே படிப்பது போதாது. ஆசிரியராயிருந்த என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' சிறுகதையை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும் என்பது என் கருத்து. பெரிய மனிதர் ஒருவர், தம்மைக் காணவந்த ஒடுக்கப்பட்ட மக்களை வீட்டுக்குள் அழைக்க மனமின்றி, வெளியே நிலவு நன்றாக இருக்கிறது, அங்கே பேசலாம் என்று நயமாக நடத்திச் செல்லும் கதை அது. புலவரின் பாட்டு வீட்டின் உட்புறத்தைக் காட்டுகிறது. ரகுநாதனின் கதை அதே வீட்டின் வாசற்படியைக் காட்டுகிறது. உள்ளே எவ்வளவு வெளிச்சமும் மணமும் உண்டு என்று பாட்டிலே அறிந்தவர்க்கே, படியில் நிறுத்தப்பட்டவர் இழந்தது என்ன என்பது விளங்கும். டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' (1960), கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) ஆகியவற்றையும் இவ்வரிசையிற் சேர்க்கலாம். சிறுவர் பாட்டுக்குப் பக்கத்தில் நாவலா என்று வியப்போர் இருப்பர். இலக்கியங்களுக்கு இடையே வயது வேலி போடுவது பாடத்திட்டக் குழுக்களின் வசதிக்காகத்தான்.

புலவரின் ஏனைய சிறுவர் பாட்டுக்களையும் இதே நோக்கில் ஆராயலாம். இரண்டை மட்டும் சுருங்கக் கூறுவேன். கத்தரித் தோட்டத்து வெருளியைப் பாடும்போது, கூலி வாங்காமல், கண் இமையாமல், உறங்காமல் காவல் செய்யும் சேவகன் உன்னைப்போல் வேறு யார் என்று பிள்ளை வியக்கிறது. பிள்ளைக்கு அது நகைச்சுவை. வளர்ந்தவர் காதில் அது வேறுவிதமாக விழும். கூலி கேளாத, களைப்பறியாத வேலையாள் என்பது தோட்டச் சொந்தக்காரர் எவரும் காணும் கனவு, வைக்கோலாற் செய்தாலன்றிக் கைகூடாத கனவு. புலவர் இதனைக் கருதியே பாடினார் என்று யான் வலிந்து பொருள் கூற மாட்டேன். நல்ல படிமம் ஆக்கியோனின் எண்ணத்துக்கு மேலும் பேசும். பால் விற்கப்போகும் வழியில் மனக்கோட்டை கட்டிப் பாலைச் சிந்திவிடும் பவளக்கொடியின் பாட்டு அவ்வளவு நன்றன்று. மாக்குடம் உடைத்த பார்ப்பனன் கதையாகப் பஞ்சதந்திரத்திலும், பாற்காரியின் கதையாகப் பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொன்தேனிடத்திலும் உள்ள பழங்கதையே அது. சந்தைக்குப் பால் சுமக்கும் ஏழைப் பெண்ணுக்கு, ஆசைப்படாதே என்று உலகம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கும் பாடம். சந்தமும் பருத்தித்துறை மணமும் அதனைக் காப்பாற்றுகின்றன, கருத்து காப்பாற்றவில்லை.

ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். ஆறேழு வயதுப் பிள்ளையின் மகிழ்ச்சிப் பாட்டில் வர்க்க முரண்பாட்டைத் தேடுவது நியாயமா? பண்டிகை நாளிலே பிள்ளைக்குக் குற்றவுணர்வை ஊட்டுவதா? எனக்கும் அந்த அச்சம் உண்டு. பனையேறி ஒருவனைப் பாட்டுக்குள் ஒட்டுப்போட்டு, கடைசியடியிற் சமத்துவ முழக்கம் சேர்த்துச் சிலர் எழுதிய 'முற்போக்கு'ச் சிறுவர் பாட்டுக்களைப் படித்திருக்கிறேன். கூழில் உப்புக்கட்டி விழுந்தது போலிருக்கும். பிள்ளைகள் அவற்றைப் பாடமாட்டார்கள், பாடாததே சரி. டால்ஸ்டாயைப் பற்றி லெனின் 1908இல் எழுதியபோது, அவருடைய முரண்பாடுகளைத் தனிமனிதக் குறையாகக் கொள்ளாது காலத்தின் முரண்பாடுகளாகக் கண்டார். நவாலியூர்ப் புலவரைப் பார்ப்பதற்கும் அதுவே தகுந்த முறை. அவர் கண்டதை உண்மையாகக் கண்டார், அவர் நின்ற இடத்திலிருந்து காணக்கூடிய எல்லைவரை. எல்லையைச் சுட்டுவது விமர்சகன் கடமை. அதற்காகக் கண்டதையும் இல்லையென்று சொல்வது கயமை.

இன்றோ இப்பாட்டுக்கு வேறொரு நிலை வந்துவிட்டது. 1995 யூலை 9ஆம் நாள், ஆடிப்பிறப்புக்கு ஒருவாரம் முன்பு, நவாலியில் அகதிகளாய் ஒதுங்கியிருந்த மக்கள்மேல் விமானக் குண்டு விழுந்தது. புனித பேதுருவானவர் ஆலயத்தையும் அதன் சூழலையும் தாக்கிய அக்குண்டுவீச்சில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது. எரிந்த, தலையறுந்த பனைகளின் நடுவே மக்கள் பின்னர் திரும்பிவந்தனர். பலர் திரும்பவேயில்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள தமிழ்ப் பள்ளிகளிற் பிள்ளைகள் இப்பாட்டைப் பாடுகின்றனர். அங்கே அது கோடைகாலம். சோளகமும் இல்லை, பொறுக்கப் பலாவிலையும் இல்லை. பாடும் பிள்ளைக்குப் பனங்கட்டி என்பது கடல் கடந்து பொதியில் வந்த கரிய வில்லை. பெற்றோர் கண்கலங்கக் கேட்பர். அந்தக் கண்ணீரை யான் மதிக்கிறேன், அது இழப்பின் கண்ணீர். ஆயினும் இழந்த ஊரை நினைக்கும்போது ஊர் மேலும் மேலும் அழகாகிக்கொண்டே போகிறது. வேலியும் வாங்கும் சிரட்டையும் ஒவ்வொன்றாக நினைவிலிருந்து கழன்று, ஈற்றிற் கூழ்ப்பானையும் குத்துவிளக்கும் மட்டும் எஞ்சுகின்றன. ஊர் நினைவு எல்லார்க்கும் ஒன்றன்று என்பதைச் சொல்ல அந்த மண்டபங்களில் எவருக்கும் மனம் வருவதில்லை. சொல்ல வேண்டிய ஒருவர் அங்கே பின்வரிசையில் இருக்கவும் கூடும்.

பனங்கட்டி காய்ச்சுவது யார் என்று கேட்ட சிறுவனுக்கு அன்று யான் விடை சொல்லவில்லை என்றேன். அவனுக்குச் சொல்லாததை மூன்றாண்டு கழித்து வேறொரு வகுப்பிற் செய்துபார்த்தேன். பாட்டைப் படிப்பித்து முடித்தபின், பாட்டில் வரும் பொருள்களுள் ஏதேனும் ஒன்று அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த கதையைக் கட்டுரையாக எழுதிவருமாறு பணித்தேன். பலர் தேங்காயை எடுத்துக்கொண்டனர். ஒருவன் பலாவிலையைப் பற்றி எழுதினான், மரத்தில் இருந்தது விழுந்தது என்று இரண்டு வரியில். பனங்கட்டியைப் பற்றி எழுதியது ஒரு பெண்பிள்ளை. அரைப் பக்கத்துக்குமேல் இராது, எழுத்துப்பிழை நிறைய. ஐயா விடியப்புறம் மரத்துக்குப் போவதையும், அம்மா சருகு பொறுக்கி அடுப்பு மூட்டுவதையும், கண்ணிற் புகை பட்டாலும் துழாவுவதை விடக்கூடாது, விட்டால் அடிப்பிடித்துவிடும் என்பதையும் எழுதியிருந்தாள். குட்டான்களை எண்ணிக் கடகத்தில் அடுக்கிச் சந்தைக்குக் கொண்டுபோனபின், தாச்சியில் ஒட்டியிருப்பதை அம்மா வழித்துத் தனக்கும் தம்பிக்கும் தருவா என்றும், அது முழுப் பனங்கட்டியிலும் பார்க்க நல்ல ருசி என்று அம்மா சொல்லுவா என்றும், முழுப் பனங்கட்டி தான் சாப்பிட்டதில்லை என்றும் முடித்திருந்தாள்.

அக்கட்டுரைக்கு எத்தனை புள்ளி இட்டேன் என்பது இப்போது நினைவில் இல்லை. எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையாற் சுழித்தது நினைவிருக்கிறது.